ஸ்கிரீன் துணியும் ஒரு பி.காம். கணக்கும்

திரைச்சீலை என்று எழுதினால் நாடகக் கொட்டகை ஞாபகம் வருகிறது. கர்ட்டன் என்றால் பழைய சினிமாவில் கதாநாயகி ஓடிவந்து கட்டிப்பிடித்து அழும் பங்களா ஜன்னல். நம்ம வீடுகளில் அதற்குப் பெயர் ஸ்கிரீன். "ஸ்கிரீன் துணி எடுக்கணும்" என்று அம்மா சொன்னால் பொங்கல் நெருங்கிவிட்டது, வெள்ளையடிக்கப் போகிறோம் என்று அர்த்தம்.

நான் இருப்பது கரூர். இந்த ஊரில் ஸ்கிரீனைப் பற்றிப் பேசாமல் இருக்கவே முடியாது. படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, ஸ்கிரீன் என்று வீட்டுக்கு வேண்டிய துணிகளை நெய்து, தைத்து, பெட்டி கட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவதுதான் ஊரின் பிழைப்பு. வகுப்பில் ஏற்றுமதி ஆவணங்கள் பற்றிய பாடத்தில் கடைசி பெஞ்சில் இருப்பவன்கூட 6303 என்ற எண்ணைச் சொல்லிவிடுவான். உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் சரக்குக் குறியீட்டில் ஜன்னல் ஸ்கிரீனும் பிளைண்டும் வரும் தலைப்பு அது.

ஆனால் எங்கள் தெருவில் நடந்து பாருங்கள். ஐரோப்பாவுக்கு ஸ்கிரீன் நெய்கிற வீடுகளின் உள்ளறை ஜன்னலில் என்ன தொங்குகிறது? பழைய சேலை. நடுவில் கிழிந்து, முந்தானை மட்டும் மிச்சமான சேலை. நல்ல துணி எங்கே என்றால், முன் ஹாலில். அதாவது வீட்டுக்கு வருகிறவர் கண்ணில் படும் இடத்தில்.

இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். பெரும்பாலும் நாம் ஸ்கிரீன் வாங்குவது வருகிறவர்களுக்காக, இருக்கிறவர்களுக்காக இல்லை. கலரா, பூவா, கோடா, ஃப்ரில்லா என்று கடையில் நின்று யோசிப்பதற்கு முன்னால் வீட்டில் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: இந்த ஜன்னலுக்குப் பின்னால் இருப்பது யார், அவருக்கு என்ன தேவை? வெளிச்சம் வேண்டுமா, இருட்டு வேண்டுமா, காற்று வேண்டுமா, மறைப்பு வேண்டுமா? நாலும் ஒரே துணியில் கிடைக்காது. எது முக்கியம் என்று முடிவு செய்துவிட்டால் ஸ்டைல் தன்னால் வந்துவிடும்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் புரியும். அப்பாவுக்குத் தறிப்பட்டறையில் நைட் ஷிஃப்ட். காலை ஆறரைக்கு வருவார். குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுப்பார். படுக்கிற அறையின் ஜன்னல் கிழக்குப் பார்த்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல் என்றால் நம்ம ஊரில் பெருமை. வீட்டுக்காரர் வாடகை பேசும்போதே அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் காலை எட்டு மணிக்குத் தூங்கப் போகிறவருக்கு அது அடுப்பு. ஜன்னலில் தொங்கிய சேலையைத் தாண்டி வெயில் நேரே முகத்தில் விழும். அப்பா கண் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு புரண்டு புரண்டு படுப்பார். பதினோரு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்.

வெளிச்சம் கண்ணில் பட்டால் உடம்பு அதைப் பகல் என்று எடுத்துக்கொள்ளும். தூக்கத்துக்கு உதவும் மெலடோனின் சுரப்பது குறையும். இது பாடப்புத்தக விஷயம். பாடப்புத்தகம் சொல்லாத விஷயம், போன மழைக்காலத்தில் ஒருநாள் விடிகாலை அப்பா வண்டியில் திரும்பி வரும்போது கண் அசந்து பாலத்துக் கைப்பிடிச் சுவர் வரை போய்விட்டார். அடி ஒன்றும் இல்லை. வீட்டில் யாரும் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஆறரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்கும்வரை அம்மா வாசலிலேயே நிற்பாள்.

இந்தச் சமயத்தில்தான் பொங்கல் வந்தது. அம்மாவிடம் ஏலச்சீட்டுப் பணத்தில் 4000 ரூபாய் இருந்தது. அம்மாவின் திட்டம்: ஹாலுக்கு ரோஜாப்பூ போட்ட சாட்டின், மேலே ஃப்ரில், இரண்டு பக்கமும் கட்டிவைக்கப் பட்டி. கடையில் போட்டுத் தந்த கணக்கு 3200. மீதி 800-ல் மற்றதெல்லாம். அப்பா அறைக்கு? "பழைய ஸ்கிரீனை ரெண்டா மடிச்சு அங்க போட்டுக்கலாம் கண்ணு."

அம்மாவைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் ஹாலுக்கும் உள்ளறைக்கும் நடுவில் கதவு கிடையாது, நிலை மட்டும்தான். அந்த நிலையில் தொங்குகிற துணிதான் கதவு. அம்மாவும் ப்ளஸ் டூ படிக்கும் தங்கச்சியும் உடை மாற்றுவது அதற்குப் பின்னால். சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது ஃபேன் காற்றில் அந்தத் துணி விலகினால் என்ன கூச்சம் என்று கதவுள்ள வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது. நல்ல ஸ்கிரீன் என்பது அம்மாவுக்கு ஆடம்பரம் இல்லை, மானம். நான் அதை மறுக்கவில்லை. கணக்கு மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்றேன். காமர்ஸ் படிக்க வைத்ததற்கு இதற்காவது பயன்பட வேண்டாமா :-)

முதலில் துணிக் கணக்கு

இதைத் தெரிந்துகொண்டு போனால் கடையில் யாரும் நம்மைச் சுற்ற முடியாது.

ஜன்னல் அகலத்துக்குத் துணி எடுத்தால் அது ஸ்கிரீன் இல்லை, போர்வை. மடிப்பு விழ வேண்டுமென்றால் கம்பியின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலம் வேண்டும். மெல்லிய வலைத்துணி என்றால் இரண்டரை, மூன்று மடங்குகூட. கனமான துணிக்கு ஒன்றரை மடங்கு போதும்.

எங்கள் உள்ளறை ஜன்னல் 4 அடிக்கு 4 அடி, அதாவது 48 அங்குலம். இருட்டு வேண்டுமென்றால் கம்பி ஜன்னலைத் தாண்டி இரண்டு பக்கமும் 8 அங்குலம் போக வேண்டும். ஆக 64. உயரத்திலும் அதேபோல் மேலே 8, கீழே 8. அதுவும் 64. மேல் கீழ் மடித்துத் தைக்க ஒரு 12 அங்குலம் சேர்த்தால் 76.

ஒன்றரை மடங்கு என்றால் அகலம் 96 அங்குலம். துணியின் பன்னா 48 என்றால் சரியாக இரண்டு துண்டு. 2 x 76 = 152 அங்குலம், கிட்டத்தட்ட 4 மீட்டர். இரண்டு மடங்கு என்றால் 128 அங்குலம், மூன்று துண்டு, 228 அங்குலம், கிட்டத்தட்ட 6 மீட்டர். மடங்கு மாறினால் செலவு பாதிக்குப் பாதி கூடுகிறது பாருங்கள். மீட்டர் விலையில் பத்து ரூபாய் குறைக்கப் பேரம் பேசுகிறோம், இந்த மடங்கைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அடுத்தது டிசைன். பெரிய பூ போட்ட துணியில் ஒரு பூ முடிந்து அதே பூ மறுபடி தொடங்க 24 அங்குலம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துப் பக்கத்துத் துண்டில் பூ ஒரே உயரத்தில் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு துண்டையும் 76-க்குப் பதில் 96-ஆக வெட்ட வேண்டும். மூன்று துண்டுக்கு 288 அங்குலம், ஏழேகால் மீட்டருக்கு மேல். 6 மீட்டர் போதும் என்ற இடத்தில் ஒன்றரை மீட்டர் அதிகம். மீட்டர் 200 என்றால் 300 ரூபாய் பூவுக்காக. பிளெயின் துணியோ சின்ன டிசைனோ எடுத்தால் இந்தச் செலவு இல்லை.

பருத்தி என்றால் இன்னொன்று: துவைத்தால் சுருங்கும். தைப்பதற்கு முன்னால் துணியை நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லையென்றால் தரையைத் தொட்ட ஸ்கிரீன் முதல் சலவையிலேயே கணுக்கால் தெரிய நிற்கும்.

தலைப்பைப் பார்த்து ஸ்டைல்

ஸ்கிரீனின் ஸ்டைல் என்பது பூவிலும் நிறத்திலும் இல்லை, தலைப்பில் இருக்கிறது. கம்பியில் எப்படி மாட்டுகிறோம் என்பதுதான் அதன் பிறப்பு.

ஸ்பிரிங் கம்பி: பிளாஸ்டிக் உறை போட்ட சுருள் கம்பி, இரண்டு முனையிலும் கொக்கி, சுவரில் ஆணி. நம்மில் பலர் இதில்தான் வளர்ந்தோம். ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் போட்டால் இதைவிட அறிவான ஏற்பாடு கிடையாது. தெருவில் போகிறவருக்கு உள்ளே தெரியாது, மேல்பாதியில் காற்றும் வெளிச்சமும் வரும். முழு ஜன்னலுக்குப் போட்டால் நடுவில் தொய்ந்துவிடும்.

பை வைத்துத் தைப்பது: துணியின் மேலேயே பை தைத்து அதற்குள் கம்பியை நுழைப்பது. தையல் கூலி குறைவு, மேலே இடைவெளி விழாது. ஆனால் இழுத்துத் திறப்பது கஷ்டம். அடிக்கடி திறக்காத ஜன்னலுக்குச் சரி.

ஐலெட்: வட்டமான வளையம் பதித்தது. இப்போது ரெடிமேடில் அதிகம் கிடைப்பது இதுதான். சுலபமாக நகரும். வளையங்கள் இரட்டைப்படையில் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கும். எண்ணிப் பார்த்து வாங்குங்கள். குறை என்னவென்றால் வளையத்துக்கு மேலும் இடையிலும் வெளிச்சம் கசியும்.

பிளீட்: மடிப்புகளைப் பிடித்துத் தைத்து, பின்னால் கொக்கி மாட்டி டிராக்கில் ஓடவிடுவது. பார்க்க அழகு, டிராக்கை ஜன்னலுக்கு ஒட்டி வைக்கலாம். துணியும் கூலியும் அதிகம். கை தேர்ந்த டெய்லர் வேண்டும்.

இதெல்லாம் ஏதோ வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றத்தைச் சொல்லும் இடத்திலேயே மேடைக்கு மூன்று வகை எழினி வருகிறது. எழினி என்றால் திரை. ஒருமுக எழினி ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது, பொருமுக எழினி இரண்டு பக்கத்திலிருந்து வந்து நடுவில் சேர்வது, கரந்துவரல் எழினி மேலே ஒளிந்திருந்து கீழே இறங்குவது. இன்றைக்குக் கடையில் சிங்கிள், பேர், பிளைண்ட் என்று கேட்கிறோமே, அதே மூன்றுதான்!

பிளைண்ட் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. தொங்குகிற கயிறு குழந்தைகளின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் கயிறில்லாத வகையைப் பாருங்கள், அல்லது கயிற்றை எட்டாத உயரத்தில் சுற்றிவையுங்கள்.

இருட்டுக்கு எந்தத் துணி

கடையில் "பிளாக்அவுட்" என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று நெசவிலேயே நடுவில் கறுப்பு நூல் வைத்து நெய்தது. வெளிச்சத்தை நன்றாகக் குறைக்கும், துணி போலவே மடியும், துவைக்கலாம். இன்னொன்று பின்னால் பூச்சு கொடுத்தது. முழு இருட்டு இதில்தான் வரும். ஆனால் முறுக்கிப் பிழிந்தால் பூச்சு வெடிக்கும், அயர்ன் பாக்ஸின் சூடு ஆகாது, ஊசி குத்திய இடத்தில் நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும்.

வெப்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. நடுத்தர நிறத் துணிக்குப் பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் ஜன்னல் வழியே ஏறும் வெப்பத்தை 33 சதவீதம் வரை குறைக்கலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. வெள்ளைப் பக்கம் வெயிலைப் பார்க்க வேண்டும், அது முக்கியம். அதைவிட நல்லது வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவது. நம்ம தாத்தா காலத்து மூங்கில் தட்டியும் வெட்டிவேர்த் தட்டியும் செய்தது அதைத்தான். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெப்பத்தைத் துணியால் முழுசாகத் திருப்பி அனுப்ப முடியாது.

நூல் விஷயத்தில் பாலியெஸ்டர் வெயிலை நன்றாகத் தாங்கும், சுருங்காது. பருத்தி மெல்ல வெளுத்து நைந்துபோகும், ஆனால் காற்றை விடும். பட்டு வெயிலில் சீக்கிரம் இற்றுப்போகும், ஜன்னல் பக்கமே வேண்டாம். சாமி விளக்கு, கொசுவத்தி, அடுப்பு பக்கத்தில் எந்தத் துணியும் வேண்டாம். பருத்தி எரியும், பாலியெஸ்டர் உருகி ஒட்டும்.

எங்கள் 4000 ரூபாய்

நோட்டில் எழுதி அம்மாவிடம் காட்டியது இதுதான்.

அப்பா அறை: கறுப்பு நூல் வைத்த பிளெயின் துணி 4 மீட்டர், மீட்டர் 300 வீதம் 1200. தையல் 250. கம்பியும் பிராக்கெட்டும் 350. மொத்தம் 1800. ஐலெட் வேண்டாம், பை வைத்துத் தைப்பது. ஓரங்களைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்க இரண்டு கொக்கி.

ஹால்: ஏற்றுமதியில் மிஞ்சிய ரெடிமேட் இரண்டு, 450 வீதம் 900. வெளிநாட்டு அளவு, 140 செ.மீ. அகலம், 250 செ.மீ. நீளம். நம்ம உயரத்துக்கு வெட்டினால் மிஞ்சுகிற துண்டில் கட்டிவைக்கப் பட்டி தைத்துக்கொள்ளலாம். கம்பி ஏற்கனவே இருக்கிறது.

நடு நிலைக்கு: கனமான பருத்தி இரண்டு, 350 வீதம் 700. ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்கக் கீழ் மடிப்பில் கனம் வைத்துத் தைப்பது. இரண்டும் நடுவில் ஒரு சாண் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும்.

ஆக 3400. மீதி 600 அம்மாவின் ரோஜாப்பூ ஃப்ரில்லுக்கு. அதை மட்டும் வெட்டக்கூடாது என்று முதலிலேயே எனக்குத் தெரியும் :-)

அம்மா நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள தொங்கறதுக்கு ஆயிரத்து எட்டுநூறா? யாரு பாக்கப் போறா?" என்றாள். யாரும் பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே ஸ்கிரீன் என்று தங்கச்சி எடுத்துக்கொடுத்தாள். நான் அடுத்த வரியைக் காட்டினேன். அந்தத் துணி ஐந்து வருஷம் உழைக்கும். வருஷத்துக்கு 300 பகல் அப்பா தூங்குகிறார். 1800-ஐ 1500-ஆல் வகுத்தால் ஒரு தூக்கத்துக்கு 1 ரூபாய் 20 காசு. இப்போது ஒரு டீகூட அந்த விலைக்கு வராது. அம்மா எதுவும் சொல்லாமல் சுருக்குப் பையை எடுத்தாள்.

வீட்டுக்காரரிடம் சுவரில் நாலு ஓட்டை போட அனுமதி வாங்குவதுதான் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. காலி செய்யும்போது பட்டி பார்த்து அடைத்துத் தருகிறோம் என்று சொன்ன பிறகுதான் சரி என்றார். வாடகை வீட்டில் இருப்பவர்கள் கம்பி வாங்குவதற்கு முன்னால் இந்தப் பேச்சை முடித்துவிடுங்கள்.

மாட்டிய முதல் நாள் அப்பா எட்டு மணிக்குப் படுத்தார். பதினோரு மணிக்கு நாங்கள் எல்லோரும் எதிர்பார்த்தோம், வரவில்லை. பன்னிரண்டு. ஒன்று. அம்மா இரண்டு தடவை நிலையில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள், மூச்சு வருகிறதா என்று பார்த்த மாதிரி இருந்தது. இரண்டே முக்காலுக்கு எழுந்து வெளியே வந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மழை வருதா? ஒரே இருட்டாக் கெடக்குது" என்றார். வெளியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். துணி கனமானதால் காற்று குறைவு. ஏப்ரல், மே மாதம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டி கட்டிவிட்டு, ஸ்கிரீனைக் கொஞ்சம் விலக்கி வைக்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது. அதற்கு வீட்டுக்காரரிடம் மறுபடி பேச வேண்டும்.

உங்கள் வீட்டில் ஸ்கிரீன் மாற்றப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் ஒருநாள் முழுக்க ஒவ்வொரு ஜன்னலையும் பாருங்கள். எந்த நேரத்தில் வெயில் எங்கே விழுகிறது, அந்த நேரத்தில் அங்கே யார் இருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். டேப்பால் அளப்பது அதற்கப்புறம். ஹாலில் அழகான துணி தொங்கட்டும், தப்பில்லை. ஆனால் பட்ஜெட் நோட்டில் முதல் வரி, வீட்டிலேயே அதிகம் களைத்துப்போன ஆள் படுக்கிற அறையாக இருக்கட்டும்.